ஆறு மணி நேர முஸாஃபிர்

சென்ற மாதம் ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். உம்ரா முடித்து ஊர் திரும்பியிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் எல்லோராலும் மதிக்கப்படுபவர். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சுக விசாரணைகள் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சிறிது நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, ஒரு விஷயம் மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் விமானம் ஏறியிருக்கிறார். ஆறு மணி நேரம் கழித்து ஜித்தாவில் இறங்கியபோது அங்கே பகல் பன்னிரண்டரை மணி. லுஹர் வக்து வந்துவிட்டது. உடன் வந்தவர்கள் விமான நிலையத்திலேயே ஜமாஅத்தாக லுஹரை இரண்டு ரக்அத்தாகக் கஸ்ர் செய்து, அஸரையும் அதனுடன் சேர்த்துத் தொழுதார்கள். இவர் மட்டும் இமாம் இரண்டில் ஸலாம் கொடுத்ததும் எழுந்து மீதி இரண்டையும் பூர்த்தி செய்தார். அஸரைத் தனியாக, அதன் நேரத்தில், நான்காகத் தொழுதார்.

“1958-ல எங்க வாப்பா ஹஜ்ஜுக்குப் போனாங்க. பம்பாய் வரைக்கும் ரயில். அங்கே முஸாஃபிர்கானாவுல காத்துக் கிடந்து, அப்புறம் கப்பல். ஒரு வாரத்துக்கு மேல கடல்ல வாந்தியும் மயக்கமும். அவங்க கஸ்ர் தொழுதாங்கன்னா அதுல நியாயம் இருக்கு. நான் குளிர்ந்த காத்துல சாஞ்சு உட்கார்ந்து, கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இறங்குனேன். வாப்பா எடுத்த சலுகையை நானும் எடுத்துக்கிறது அல்லாஹ்கிட்ட நேர்மையா இருக்குமா?”

நான் ஆலிம் அல்லன். கற்றறிந்த ஹஜ்ரத்மார்களிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் பெரியவரின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. இன்று விமானம் ஏறும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கேள்வி அது.

தூரம் அப்படியே இருக்கிறது

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஆகாய வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில், மொராக்கோ நாட்டில், தான்ஜியர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஜித்தாவுக்கு ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர். கிழக்கே நாம் எவ்வளவு தொலைவோ, மேற்கே அவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவு தொலைவு.

அந்தத் தான்ஜியரிலிருந்துதான் 1325-ஆம் ஆண்டு இப்னு பதூதா தம் இருபத்தோராம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தார்கள். தூனிஸ் நகரை அடைந்தபோது, வந்திறங்கிய பயணிகளை உறவினரும் நண்பரும் எதிர்கொண்டு ஸலாம் சொல்லி அழைத்துச் சென்றார்கள். தமக்கு ஸலாம் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லையே என்று எண்ணி அவர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஆறுதல் சொன்னார். அவர் ஹஜ்ஜை நிறைவேற்றியது அடுத்த ஆண்டு, 1326-ல். வீட்டை விட்டு ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் கழித்து!

பதினாறு மாதம், ஒரு வாரக் கப்பல், ஆறு மணி நேரம். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஏறத்தாழ 2,300 கடல் மைல். அந்தக் கப்பல் பயணமும் 1995-உடன் நின்றுபோயிற்று. ஆனால் பூமி சுருங்கிவிட்டதா? இல்லை. கஃபா நகர்ந்து வந்துவிட்டதா? இல்லை. தூரம் அப்படியே இருக்கிறது. குறைந்தது நேரம், குறைந்தது சிரமம். ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் இப்படிக் கேட்க வேண்டும்: மார்க்கம் முஸாஃபிருக்குச் சலுகை தந்தது தூரத்துக்காகவா, நேரத்துக்காகவா, சிரமத்துக்காகவா?

முதன் முதலில் கேட்டவர் நாமல்லர்

இந்த ஐயம் புதியது என்று நினைத்துவிடக் கூடாது. திருமறையின் நான்காம் அத்தியாயத்தில், பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்வதைப் பற்றிய வசனத்தில், எதிரிகளால் ஆபத்து நேரும் என்ற அச்சமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் வழிகளெல்லாம் பாதுகாப்பாகிவிட்டன. அச்சம் நீங்கிவிட்டதே, இன்னும் ஏன் சுருக்கித் தொழுகிறோம் என்று யஃலா இப்னு உமய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் சொன்ன பதில் நம் சிந்தனைக்குரியது. உங்களுக்கு எழுந்த வியப்பு எனக்கும் எழுந்தது. நானும் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டேன் என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ, இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அருளினார்களாம். இது முஸ்லிம் ஷரீஃபில் இடம்பெற்ற செய்தி.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். காரணமாகத் தோன்றிய அச்சம் போய்விட்டது, சலுகை போகவில்லை. உமர் (ரலி) அவர்களைப் போன்ற பேரறிவாளருக்கே ஐயம் எழுந்த இடம் இது. ஆகவே நம் பெரியவருக்கு எழுந்ததில் குற்றமில்லை.

இமாம்கள் இதற்கு அளவு வகுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 மைல். அது இன்றைய கணக்கில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பார்கள். ஹனஃபி மத்ஹபில் ஒட்டகமோ கால்நடையோ நடுத்தர வேகத்தில் செல்லும் மூன்று நாள் வழி. இந்த அளவுகளை வகுத்தவர்கள் விமானத்தைக் காணவில்லை என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைப் பற்றி அவர்கள் யோசிக்காமல் இருந்துவிடவில்லை.

ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் வழிவழியாக ஓதப்படும் நூல். கடலும் தரையைப் போன்றதே, அந்தத் தூரத்தை ஒருவர் கடலில் ஒரு மணிப்பொழுதில் கடந்துவிட்டாலும் கஸ்ர் உண்டு என்ற சட்டம் அதில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு, இப்படி ஒரு வரி! ஹனஃபி நூல்களிலும், மூன்று நாள் வழியை விரைந்து சென்று இரண்டே நாளில் கடந்தவருக்கும் சலுகை உண்டென்றே இருக்கிறது.

அதே சமயம் மாற்று எண்ணமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இறைநேசர் ஒருவர் கராமத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெகு தூரம் சென்றுவிட்டால் அவருக்கும் கஸ்ர் உண்டா என்று ஹனஃபி அறிஞர்கள் விவாதித்தார்கள். சிரமத்துக்கு இடமே இல்லாத இடத்தில் சலுகை எப்படி வரும் என்று ஹிஜ்ரி 861-ல் மறைந்த இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் அதைத் தூரமான கருத்தாக எண்ணினார்கள். நம் பெரியவரின் மனசாட்சி பேசியதும் ஏறத்தாழ இதே குரலில்தான். ஆனால் விமானம் கராமத் அல்ல. அதில் புறப்பாடு இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது, வீட்டைப் பிரிதல் இருக்கிறது, தெரியாத ஊரில் இறங்குதல் இருக்கிறது. அது பயணமே.

அரசரும் கூலியாளும்

ஏன் இப்படி? உஸூல் கலையில் அறிஞர்கள் இரண்டு சொற்களைப் பிரித்து வழங்குவார்கள். ஒன்று இல்லத், சட்டம் எதன் மீது நிறுத்தப்பட்டிருக்கிறதோ அது. மற்றது ஹிக்மத், அந்தச் சட்டத்தினால் கிடைக்கும் நன்மை. கஸ்ருக்கு இல்லத் பயணம். ஹிக்மத், சிரமத்தை இலேசாக்குவது.

இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. பல்லக்கிலே சாய்ந்துகொண்டு ஏவலர் சூழச் செல்லும் அரசருக்குச் சிரமம் ஏதுமில்லை; ஆயினும் அவர் முஸாஃபிர், அவருக்குக் கஸ்ர் உண்டு. உள்ளூரில் கொளுத்தும் வெயிலில் மூட்டை சுமக்கும் கூலியாளுக்கோ உடம்பெல்லாம் வேதனை. ஆயினும் அவர் முகீம், லுஹரை நான்காகத்தான் தொழ வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நீதியாகத் தோன்றாது. சற்று யோசித்தால் இதுவே நீதி என்று தெரியும். சிரமத்தை எந்தத் தராசில் நிறுப்பது? ஒருவருக்குப் பத்து மைல் பேருந்துப் பயணம் வாந்தி எடுக்க வைக்கிறது. இன்னொருவர் இரவெல்லாம் ரயிலில் நின்றுகொண்டு வந்தும் காலையில் கடை திறக்கிறார். அவரவர் சிரமத்தை அவரவரே அளந்து முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகும்? பேணுதல் உள்ளவர் தமக்குச் சிரமமே இல்லை என்று சொல்லிச் சலுகையை ஒருநாளும் தொடமாட்டார். அசட்டையானவர் தெருமுனைக்குப் போய் வந்தாலும் களைப்பு என்பார். ரயிலில் குழந்தைக்கு அரை டிக்கெட் கொடுப்பது வயதைப் பார்த்துத்தானே தவிர, எடையை நிறுத்துப் பார்த்தல்லவே! எல்லோரும் ஒரே மாதிரி அறிந்துகொள்ளக் கூடிய ஓர் அடையாளத்தின் மீது சட்டத்தை நிறுத்துவதுதான் பெரியவருக்கும் எளியவருக்கும் பொதுவான நியாயம்.

நேரத்தை அளவாக வைத்தால் இன்னும் விசித்திரமாகும். பெரியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ரயிலில் அவருக்கு ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம்தான். நேரத்தைக் கொண்டு அளந்தால் சென்னைக்குப் போகிறவர் பெரிய முஸாஃபிர், ஜித்தாவுக்குப் போகிறவர் சிறிய முஸாஃபிர் என்றாகும்! புதிதாக ஒரு சாலை போடும்போதெல்லாம் மார்க்கச் சட்டத்தைத் திருத்த வேண்டி வரும்.

அப்படியானால் சிரமத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா? உண்டு. நோன்பு விஷயத்தில் அதைக் காணலாம். முஸாஃபிர் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்துகொள்ளலாம் என்று திருமறை அனுமதிக்கிறது. ஆனால் தீங்கு நேராது என்றால் நோற்பதே மேல் என்று ஷாஃபிஈ மத்ஹப் சொல்கிறது. இங்கே அவரவர் உடல்நிலைக்கு இடம் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களுடன் ரமளானில் பயணம் செய்தபோது நோன்பு வைத்தவர் வைக்காதவரைக் குறை சொன்னதில்லை, வைக்காதவர் வைத்தவரைக் குறை சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சலுகையின் கதவை எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே நுழைவதா வேண்டாமா என்பதில் சிரமத்தை ஆலோசகராக அமர்த்தியிருக்கிறது மார்க்கம்.

வானத்தில் ஒரு நோன்பாளி

விமானம் சிரமத்தைக் குறைத்தது போலவே, அதுவரை இல்லாத சில சோதனைகளையும் கொண்டுவந்திருக்கிறது.

ரமளானில் ஒருவர் சென்னையில் ஸஹர் செய்து நோன்பு நோற்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஜித்தா விமானத்தில் ஏறுகிறார் என்று வையுங்கள். ஆறரை மணி ஆகும்போது அவருடைய வீட்டில் நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்திருப்பார்கள். இவருடைய ஜன்னலிலோ வெயில் அடிக்கிறது! சூரியன் போகும் திசையிலேயே விமானமும் போவதால் பகல் நீண்டுவிடுகிறது. ஆறு மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே கடிகாரம் மூன்றரை மணி நேரம்தான் நகர்ந்திருக்கும். கைக்கடிகாரம் சென்னை நேரத்தைக் காட்டுகிறது என்பதற்காக அவர் நோன்பு திறக்க முடியாது. அவர் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும்.

உயரமும் கணக்கில் சேரும். 35,000 அடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ மூன்று பாகை கீழே தாழ்ந்து தெரியும். ஆதலால் நேர் கீழே இருக்கும் ஊரில் சூரியன் மறைந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் அவர் கண்ணுக்குச் சூரியன் தெரிந்துகொண்டிருக்கும். இந்த அடிவானத் தாழ்வைத்தான் அல்பீரூனி (ரஹ்) அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபின் நந்தனா கோட்டை அருகே ஒரு மலைமேல் நின்று அளந்து, பூமியின் பருமனைக் கணக்கிட்டார்கள். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர்கள் அரும்பாடுபட்டுக் கணித்ததும், கஸ்னாவில் நின்று தொழுகிறவருக்குக் கிப்லா எந்தத் திசை என்று காட்டுவதற்காகவே. இரு நகரங்களின் இடைவெளியை அளப்பதை இபாதத்துக்குத் துணையாகக் கொண்ட முன்னோர் அவர்கள்!

உயரத்தில் இருப்பவரின் நோன்பைப் பற்றியும் ஃபிக்ஹு நூல்கள் முன்பே பேசியிருக்கின்றன. இஸ்கந்தரிய்யாவின் கலங்கரை விளக்கத்து உச்சியில் இருப்பவர் தம் கண்ணுக்குச் சூரியன் மறையும்வரை நோன்பு திறக்கக் கூடாது, கீழே ஊரில் இருப்பவர்களோ தங்களுக்கு மறைந்ததும் திறக்கலாம் என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். 2011-ஆம் ஆண்டு துபாயில், புர்ஜ் கலீஃபா கோபுரத்தின் 80-ஆவது மாடிக்கு மேல் வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்குமாறு மார்க்க அறிஞர்கள் அறிவித்தது இந்த வழியில்தான்.

இஹ்ராமைப் பாருங்கள். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறதென்றால் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். மீக்காத் நெருங்குகிறது என்று அறிவித்த பிறகு பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் 150 கிலோமீட்டர் கடந்துவிடும்! கப்பல் ஹாஜிகளுக்கு யலம்லமுக்கு நேரே வரும்போது குளித்து, இஹ்ராம் உடுத்தி, நிய்யத்து வைத்து, தல்பியா முழங்க அவகாசம் இருந்தது. இன்றைய ஹாஜி வீட்டிலோ விமான நிலையத்திலோ முன்கூட்டியே தயாராகிவிட வேண்டும். வேகம் கூடக் கூட விழிப்பும் கூட வேண்டியிருக்கிறது.

சலுகை வேறு, சாக்கு வேறு

இவ்வளவையும் கேட்ட பெரியவர், “அப்ப நான் நாலாத் தொழுதது கூடாதா தம்பி?” என்றார்.

ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிர் முழுமையாகத் தொழுதாலும் தொழுகை கூடிவிடும். ஹனஃபியாக இருந்தால் கஸ்ர் செய்வது வாஜிபு. வேண்டுமென்றே நான்காகத் தொழுவது தவறு. ஆனால் ஷாஃபிஈ நூல்களிலும் ஒரு குறிப்பு உண்டு: சலுகையை ஏற்க மனம் ஒப்பாமல் எவருக்குக் கூச்சம் ஏற்படுகிறதோ, அவருக்குக் கஸ்ர் செய்வதே சிறப்பு. இதன் நுட்பத்தைப் பாருங்கள். அரசர் ஒருவர் தாமாகவே ஒரு பரிசை நீட்டும்போது, எனக்கு இதற்குத் தகுதியில்லை என்று கையை இழுத்துக்கொள்வது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அது கொடுப்பவரின் கணக்கை நாம் திருத்துவதாகும். சலுகை நம் சிரமத்துக்குக் கொடுத்த கூலியாக இருந்திருந்தால், சிரமம் குறையும்போது கூலியும் குறைவது நியாயம். அது கூலி அல்ல, தர்மம். தர்மம் கொடுப்பவனின் தாராளத்தைப் பொறுத்தது.

ஆனால் விமானம் குறைக்கும் வேறொன்று இருக்கிறது. அது நாமாக எடுத்துக்கொள்ளும் சாக்கு. தூரம் என்று சொல்லி நாம் தள்ளிப்போட்ட கடமைகள் எத்தனை! முன்பு அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போனவருக்கு வீட்டுச் செய்தி எட்டவே வாரக்கணக்கில் ஆகும். இன்று தாயின் உடல்நிலை சரியில்லை என்ற சொல் நொடியில் எட்டுகிறது. வழியோ ஐந்தாறு மணி நேரம். விடுப்பும் கிடைக்காமல், கட்டணத்துக்கும் வழியில்லாமல், அடுத்தவர் கையில் தன் அனுமதிச் சீட்டு இருக்கும் தொழிலாளியின் நிலை வேறு. அது உண்மையான தடை, அல்லாஹ் அறிவான். வசதியும் விடுப்பும் இருந்தும், உல்லாசமாக வேறு நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊர் ரொம்பத் தூரம் உம்மா என்று சொல்கிறவருக்கு என்ன பதில் இருக்கிறது?

அல்லாஹ் தந்த சலுகை வசதியால் குறைவதில்லை. நாம் சொல்லும் சாக்கு வசதியால் குறைந்தே தீரும். முன்னது அவனுடைய வாக்கு. பின்னது நம்முடைய வாதம்.

அடுத்த தெரு

இதைச் சொன்னபோது பெரியவரின் முகம் மாறியதைக் கவனித்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“வாப்பா கப்பலேறப் போறதுக்கு முன்னால ஒரு வாரம் வீடு வீடாப் போனாங்க. கொடுக்க வேண்டிய கடனையெல்லாம் கொடுத்தாங்க. ‘திரும்பி வருவேனோ மாட்டேனோ, என்னைப் பொறுத்துக்குங்க’ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சாங்க. சின்னப் பிள்ளையா நானும் கூடவே போனேன். ஆறு மணி நேரப் பயணந்தானேன்னு நான் யார் வீட்டுக்கும் போகல்லை தம்பி. டெலிபோன்ல சொல்லிட்டுப் போயிட்டேன். ஒருத்தருக்கு டெலிபோன்லகூடச் சொல்லல்லை.”

அந்த ஒருவர் அவருடைய காக்கா. உடன்பிறந்த அண்ணன். பாகப்பிரிவினையில் ஒரு சுவர் எங்கே எழுப்புவது என்பதில் வந்த பிணக்கு. பேச்சு நின்று பதினோரு ஆண்டுகள். காக்காவின் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. நடந்தால் மூன்று நிமிடம்.

பெரியவரின் மனத்தை அரித்தது உண்மையில் எது என்று அப்போதுதான் விளங்கிற்று. ஜித்தாவில் குறைக்காமல் தொழுத இரண்டு ரக்அத்துகள் அல்ல. ஊரில் குறைவைத்த ஒரு கடமை. அதை எதிர்கொள்ள மனம் துணியாமல், தொழுகையில் இரண்டு ரக்அத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறது. நாமெல்லோரும் செய்வது இதுதானே! கஷ்டமான கடமை ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு, யாரும் கேட்காத கஷ்டம் ஒன்றை நாமாகச் சுமந்துகொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

முஸ்லிம் ஒருவர் தம் சகோதரரை மூன்று நாளைக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதல்ல என்றும், இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்திச் சொல்பவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். மார்க்கம் அளந்து வைத்த அளவுகளில் இதுவும் ஒன்று. கஸ்ருக்கு இத்தனை மைல் என்று கேட்டு அறிந்துகொள்கிறோம். கோபத்துக்கு இத்தனை நாள் என்பதை மறந்துவிடுகிறோம். பயணத்துக்குக் கஸ்ர் உண்டு. உறவைப் பேணுவதற்குக் கஸ்ர் இல்லை.

பழைய ஹாஜிகள் புறப்படுமுன் கடன் தீர்த்தார்கள், அமானிதங்களை ஒப்படைத்தார்கள், வஸிய்யத் எழுதினார்கள், திரும்பும்வரை குடும்பத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்தார்கள், பகைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கப்பல் ஆபத்தானது என்பதற்காக மட்டும் அவர்கள் இதைச் செய்ததாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அல்லாஹ்வின் வீட்டை நோக்கிப் போகிறவன் அடியார்களின் ஹக்கைத் தோளில் சுமந்துகொண்டு போகக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். கப்பல் போய் விமானம் வந்தது. ஆபத்து குறைந்தது, அந்த ஹக் குறையவில்லை. பதினாறு மாத வழியில் மனம் பக்குவப்பட அவகாசம் இருந்தது. ஆறு மணி நேர வழியில் அது இல்லை. இஹ்ராமை வீட்டிலேயே தயார் செய்துகொள்வது போல, மனத்தையும் வீட்டிலேயே தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பெரியவருக்கு அறிவுரை ஏதும் சொல்லவில்லை. சொல்லும் வயதும் எனக்கில்லை. “துஆச் செய்யுங்க தம்பி” என்று எழுந்து போனார்.

நாலைந்து நாள் கழித்து ஃபஜ்ருக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். “போயிட்டு வந்துட்டேன்” என்றார். கதவைத் திறந்தது காக்காதானாம். ஸலாம் சொன்னதும் பதில் சொல்லிவிட்டு, “யாரு?” என்று கேட்டாராம். கோபத்தில் கேட்கவில்லை. இந்தப் பதினோரு ஆண்டுகளில் காக்காவுக்குக் கண்பார்வை மங்கிப் போயிருக்கிறது. அடுத்த தெருவில் இருந்த தம்பிக்கு அது தெரியாது.

இதைச் சொல்லும்போது பெரியவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை. மீதமிருந்த ஜம்ஜம் தண்ணீரைக் காக்காவுக்குத் தம் கையாலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார்.

அன்பார்ந்த வாசகர்களே! நாளை நம் பிள்ளைகள் இன்னும் வேகமான வாகனங்களில் இன்னும் தொலைவான ஊர்களுக்குப் போவார்கள். அல்லாஹ்வின் சலுகைகளை அவர்கள் நன்றியுடன் எடுத்துக்கொள்ளட்டும், கஸ்ர் தொழட்டும், தேவைப்பட்டால் நோன்பைப் பிற்படுத்தட்டும். ஆனால் புறப்படுமுன் ஒரு கேள்வியை மட்டும் தங்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்: எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேருவோம் என்பதல்ல, நடந்து போகும் தூரத்தில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்குவானாக! நம் உள்ளங்களின் இடைவெளியைக் குறைப்பானாக! அவன் தந்த சலுகைகளை ஏற்கும் பணிவையும், நாம் சொல்லும் சாக்குகளைக் கைவிடும் துணிவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.